மாருதி தலைக்கு மேல் ஒரு நெல்

ஷைலஜா: இன்னைக்கே ஒரு தடவை விட்டுப் பாத்துடலாமே, வாமன்ராவ்.

வாமன்: எதுக்கு பாயி? நாளைக்குக் காலையில ஊர் முன்னாடி விடத்தானே போறோம். மாருதி ஜயந்திக்கு முந்தின நாள் யாராவது நெல்லு விடுவாங்களா?

ஷைலஜா: இந்த வருஷம் எங்க வீட்டு முறை. எங்க வீட்டு நெல்லு. நாளைக்கு மாட்டிக்கிச்சுன்னா, ஷைலஜா பாயி வீட்டு நெல்லுதான் உலகத்தை முடிச்சுதுன்னு ஊர் பேசும். முப்பத்தொரு வருஷம் பள்ளிக்கூடத்துல கத்திக் கத்தி வாங்கின பேரு, ஒரே நாள்ல போயிடும்.

வாமன்: மாருதி முன்னாடி நின்னுக்கிட்டு சிரிக்காதீங்க.

ஷைலஜா: அவருந்தான் சிரிக்கிறாரு. பாருங்க.

வாமன்: அது செந்தூரம் வழிஞ்சது.

ஷைலஜா: அந்த ஸ்டூலை இழுத்துப் போடுங்க. ஈர்க்குச்சி எங்க?

வாமன்: நான்தான் சொல்றேனே… தாண்டாது.

ஷைலஜா: தாண்டாதா?

வாமன்: தாண்டாது.

ஷைலஜா: விட்டுப் பாக்காமலே எப்படித் தெரியும்?

வாமன்: நாலு தலைமுறையா இந்தக் கோயில்ல பூசாரி நாங்க. தலைக்கும் மேல இருக்கிற கூரைக் கல்லுக்கும் நடுவுல இடமே இல்ல, கண்ணாலயே தெரியுது. மாருதி தலை என்னைக்கு மேல் கல்லைத் தொடுதோ, அன்னைக்கோட யுகம் முடிஞ்சுது. ஒரு நெல்லு நடுவுல போய் அந்தப் பக்கம் விழற வரைக்கும்தான் நமக்கு இன்னொரு வருஷம். ஆதிகாலத்து வாக்கு, பாயி.

ஷைலஜா: ஆதிகாலத்து வாக்கு உங்க தாத்தா சொன்னதா, வாசல்ல இருக்கிற கல்லு சொல்றதா?

வாமன்: ரெண்டும்.

ஷைலஜா: கல்லை நான் படிச்சிருக்கேன். ஏழாம் கிளாஸ் பிள்ளைங்களைக் கூட்டிட்டு வந்து, காகிதத்தை ஒட்ட வச்சு, கரியால தேச்சு எடுத்தோம். நீங்ககூடப் பொரி குடுத்தீங்க. தேஞ்சது போக ரெண்டே ரெண்டு சொல்லு மிச்சம். 'எண்ணெய்.' 'வருஷா வருஷம்.' யாரோ புண்ணியவான் மாருதிக்கு எண்ணெய் எழுதி வச்சிருக்கான். அதுல உலகம் எங்க அழியுது?

வாமன்: தேஞ்சுபோன இடத்துல இருக்கு.

ஷைலஜா: அதானே! எல்லா ஊர்லயும் அது தேஞ்சுபோன இடத்துலதான் இருக்கும்.

வாமன்: உங்களுக்கு எதுலதான் நம்பிக்கை இருக்கு?

ஷைலஜா: எண்ணெய்ல செந்தூரத்தைக் குழைச்சு சனிக்கிழமை தவறாம அப்பினா, எந்த சாமியும் வளரும்னு நம்பறேன். என்னைக் கொண்டாந்து உக்கார வச்சு அப்பினா நானும் வளருவேன்.

வாமன்: ராமா, ராமா…

ஷைலஜா: சரி, நாளைக்குத் தாண்டலைன்னா என்ன பண்றதா உத்தேசம்?

வாமன்: வழக்கம் தெரியாதா உங்களுக்கு? விதைக்கலாம், அறுக்கலாம்… வயிறு கேக்காதே. கல்யாணம் மட்டும் கூடாது. முடியப்போற யுகத்துல புதுக் குடித்தனம் வைக்கக் கூடாது. அடுத்த ஜயந்தி வரைக்கும் ஊர் எல்லைக்குள்ள பந்தல் கிடையாது.

ஷைலஜா: ஏழு கல்யாணம் நிச்சயமாகியிருக்கு.

வாமன்: ஏழா?

ஷைலஜா: என்னோடதைச் சேர்த்தா எட்டு.

வாமன்: ம்… அது தெரியும்.

ஷைலஜா: தெரிஞ்சும் ஒரு வார்த்தை கேக்கல நீங்க. ஊரே கேட்டாச்சு.

வாமன்: என்ன கேக்கணும்? அட்சய திருதியை. உங்க வீட்டு முற்றம். அம்பது பேருக்குச் சாப்பாடு. ஊரே சொல்லுது. அம்பத்தாறு வயசுல…

ஷைலஜா: அம்பத்தஞ்சு.

வாமன்: அம்பத்தஞ்சு. நல்ல விஷயம்தான். யார் வேணாம்னாங்க?

ஷைலஜா: யாரும் வேணாம்னு சொல்லல. மாருதி மட்டும்தான் தலையை நிமித்துறாரு.

வாமன்: உங்களைப் பொண்ணு கேட்டு வந்த அந்த கேல்கர்… சிப்ளூண்ல போஸ்ட் மாஸ்டரா இருந்தவர்தானே?

ஷைலஜா: ஆமா, அவர் போஸ்ட் மாஸ்டர்தான்.

வாமன்: மீசை பெருசுன்னாங்க.

ஷைலஜா: பெருசுதான். பொய் சொல்லக் கூடாது.

வாமன்: அவ்வளவு பெரிய மீசை வச்சவங்க சூப்பு குடிக்கிறப்ப சத்தம் வரும். நான் கேட்டிருக்கேன்.

ஷைலஜா: அப்படியா?

வாமன்: பல்லுகூட அவரோடது இல்லையாம்.

ஷைலஜா: அம்மாடி… எவ்வளவு விசாரிச்சு வச்சிருக்கீங்க!

வாமன்: விசாரிக்கல. காதுல விழுந்துச்சு.

ஷைலஜா: சிப்ளூண்ல இருக்கிறவர் பல்லு இங்க வந்து உங்க காதுல விழுந்துச்சாக்கும்.

வாமன்: நீங்க இப்படிப் பேசினா நான் பேசல.

ஷைலஜா: சரி சரி. வேற பேசுவோம். உலகம் அழியறதைப் பத்தியே பேசுவோம். எனக்குத் தெரிஞ்சே இது நாலாவது தடவை. எட்டு கிரகம் ஒண்ணா சேருதுன்னாங்களே, எனக்கு நாலு வயசு. ஊரே கோயில் வாசல்ல உக்காந்து பஜனை. எல்லாரையும் விட எங்க அண்ணன் குரல்தான் ஓங்கிக் கேட்டுச்சு. ஏன் தெரியுமா?

வாமன்: பக்தி.

ஷைலஜா: திங்கக்கிழமை கணக்குப் பரீட்சை. உலகம் ஞாயித்துக்கிழமைக்குள்ள முடிஞ்சுடணும்னு அவனுக்கு அவ்வளவு ஆசை.

வாமன்: பரீட்சை என்னாச்சு?

ஷைலஜா: உலகம் பாஸ். அவன் ஃபெயில்.

வாமன்: ஹ… ஹா… பாவம்.

ஷைலஜா: சிரிச்சுட்டீங்க! மாருதி முன்னாடி!

வாமன்: சரி… அடுத்தது?

ஷைலஜா: அடுத்தது ஸ்கைலாப், அந்த விண்வெளிக் கலம். வானத்துல இருந்து இரும்பு விழப்போகுது, பழைய ஏட்டுல அப்பவே எழுதியிருக்குன்னு ஊர் ஊராப் போய்ச் சொன்னது யாரு? பாபு பயில்வான். நாகபஞ்சமிக்குக் கோலாப்பூர்க்காரனோட அவனுக்குக் குஸ்தி. அந்தக் கோலாப்பூர்க்காரனைப் பாத்தீங்கல்ல?

வாமன்: பாத்தேன். கதவு மாதிரி இருந்தான்.

ஷைலஜா: பாபுவும் பாத்துட்டான். அன்னையில இருந்துதான் அவனுக்கு ஏட்டுல எழுத்து தெரிய ஆரம்பிச்சுது. அந்த வாரம் நம்ம ஊர்ல ஒரு கோழி மிச்சம் இல்ல. போறதுதான் போறோம், தின்னுட்டுப் போவோம்னு. இரும்பு எங்கயோ விழுந்துச்சு. கோழிக்காக நாம எல்லாரும் மூணு மாசம் பக்கத்து ஊர் முட்டையைப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தோம்.

வாமன்: எங்க வீட்ல ஆறு கோழி.

ஷைலஜா: இதெல்லாம் பாத்துப் பாத்து எனக்கு ஒரு பழக்கம் வந்துடுச்சு, வாமன்ராவ். உலகம் அழியப்போகுதுன்னு யாராவது சொன்னா நான் வானத்தைப் பாக்கறதில்ல. சொல்றவர் மூஞ்சியைப் பாப்பேன். நாளைக்கு எது நடக்கக் கூடாதுன்னு இவருக்கு இவ்வளவு பயம்னு பாப்பேன்.

வாமன்: …என்னை ஏன் அப்படிப் பாக்கறீங்க?

ஷைலஜா: ஸ்டூல்ல ஏறுங்க.

வாமன்: பாயி…

ஷைலஜா: நானே ஏறியிருப்பேன். பொம்பளை மாருதியைத் தொடக் கூடாதுன்னு வேற ஒரு சட்டம் போட்டு வச்சிருக்கீங்க. ஏறுங்க. நான் பிடிச்சுக்கறேன்.

வாமன்: பிடிச்சுக்கிட்டீங்களா? ஆடுது.

ஷைலஜா: ஸ்டூல் ஆடல. உங்க கால்தான் ஆடுது. இந்தாங்க நெல்லு.

வாமன்: ஜெய் பஜ்ரங் பலி… வச்சாச்சு. தள்ளறேன்…

ஷைலஜா: போகுதா?

வாமன்: இல்ல.

ஷைலஜா: இன்னும் கொஞ்சம் தள்ளுங்க.

வாமன்: போகாது பாயி. பாதிகூட நுழையல. பாத்தீங்கல்ல? நான் சொன்னா நம்பமாட்டீங்க.

ஷைலஜா: உமியை உரிச்சு அரிசியாத் தரட்டுமா?

வாமன்: அரிசி செல்லாது. நெல்லுன்னுதான் வாக்கு.

ஷைலஜா: அதுவும் தேஞ்ச இடத்துல இருக்கா? இருங்க… என் கையில என்னமோ விழுந்துச்சே.

வாமன்: செந்தூரம். உதிரும். தொடச்சுடுங்க.

ஷைலஜா: வாமன்ராவ், இது உதிரல. வழியுது.

வாமன்: வெயில் காலம் இல்லையா…

ஷைலஜா: பழைய செந்தூரம் வெயிலுக்கு இறுகும். அம்மிக்கல்லு மாதிரி இருக்கும், சுத்தியலால தட்டினாலும் போகாது. நாலு வருஷத்துக்கு முன்னாடி முழங்கால்ல இருந்து ஒரு பத்தை தானா கழண்டு விழுந்துச்சே, மாருதி சட்டை மாத்தறாருன்னு ஊரே கொண்டாடுச்சு… அது எப்படி இருந்துச்சு? ஓடு மாதிரி. இது வெண்ணெய் மாதிரி இருக்கு.

வாமன்: எண்ணெய் கூடிப்போச்சு போல.

ஷைலஜா: போன வருஷம் நெல்லு எப்படிப் போச்சுன்னு நான் பாத்தேன். ஓடிப்போய் அந்தப் பக்கம் விழுந்துச்சு. நாப்பது வருஷம் வளர வேண்டியதை இவரு ஒரே வருஷத்துல வளந்திருக்காரு. இந்த வயசுல!

வாமன்: தெய்வத்துக்குக் கணக்கு உண்டா?

ஷைலஜா: தெய்வத்துக்கு இல்ல. பூசாரிக்கு உண்டு.

தாரா: பாவ்ஜி! இருக்கீங்களா?

வாமன்: தாரா வைனி… வாங்க அண்ணி, வாங்க.

தாரா: அட, பாயியும் இங்கதான் இருக்காங்களா? ரெண்டு பேரும் சண்டைதானே? கிணத்தடி வரைக்கும் கேக்குது. இவர் ஏன் ஸ்டூல் மேல நிக்கறாரு?

ஷைலஜா: ஒட்டடை அடிக்கிறாரு.

தாரா: கையில ஈர்க்குச்சியை வச்சுக்கிட்டா?

ஷைலஜா: சின்ன ஒட்டடை.

தாரா: நாளைக்குன்னு எண்ணெய் கொண்டாந்தேன், பாவ்ஜி. எங்க மேகா ராத்திரி பூரா தூங்கல. நெல்லு தாண்டுமா அம்மா, தாண்டுமா அம்மான்னு. மாப்பிள்ளைப் பையனுக்கு இந்தத் தடவைதான் கப்பல்ல இருந்து லீவு. இதை விட்டா ஒண்ணரை வருஷம் கழிச்சுத்தான் வருவான். இவ கவலையில நகத்தைப் பூரா கடிச்சு வச்சிருக்கா. கல்யாணப் பொண்ணு விரலா அது?

வாமன்: மேகாவுக்கா கல்யாணம்?

தாரா: என்ன பாவ்ஜி! நீங்கதானே தேங்காய் உடைச்சுக் குடுத்தீங்க. மறந்துட்டீங்களா? எங்க வீட்டுக்காரர் சொன்னாரு, வாமன் கொஞ்ச நாளா ஆளே சரியில்ல, கடைக்கு வந்தா கேக்கறது ஒண்ணு, எடுத்துட்டுப் போறது ஒண்ணுன்னு.

ஷைலஜா: என்ன எடுத்துட்டுப் போறாரு, வைனி?

தாரா: எல்லாம் செந்தூரம்தான். வாரத்துக்கு ஒரு பொட்டலம் வாங்கற மனுஷன், இப்ப ஒரே மாசத்துல பதினோரு பொட்டலம். நாளைக்கு வீட்டு மாருதிக்கு வைக்கலாம்னு பாத்தா எங்க சொந்தக் கடையிலயே செந்தூரம் இல்ல. என்ன அநியாயம் பாருங்க பாயி!

வாமன்: விசேஷம் வருதில்ல, வைனி…

தாரா: வரட்டும், வரட்டும். நல்லா அலங்காரம் பண்ணுங்க. மாருதி குளிர்ந்து போய் எல்லாப் பொண்ணுங்களுக்கும் வழி விடட்டும். பாயி, உங்க கல்யாணத்துக்கு மாப்பிள்ளை வீட்ல இருந்து எத்தனை பேர்? சமையலுக்குச் சொல்லணுமே.

ஷைலஜா: மாப்பிள்ளை வந்தா போதும், வைனி.

தாரா: ஐயோ, எப்படி வெக்கமே இல்லாம சொல்றாங்க பாருங்க! சரி, நான் வரேன். பூரண் போளிக்குப் பருப்பு வேகுது. பாவ்ஜி, கீழ இறங்குங்க, விழுந்து கிழுந்து வைக்காதீங்க. நாளைக்கு நீங்கதான் எங்களுக்கு வேணும்.

ஷைலஜா: …போயாச்சு.

வாமன்: ம்.

ஷைலஜா: பதினோரு பொட்டலம், வாமன்.

வாமன்: ராவை எங்க விட்டீங்க?

ஷைலஜா: ராவெல்லாம் யோக்கியமான ஆளுக்கு. உன் மூஞ்சியை இந்தப் பக்கம் திருப்பு. எது நடக்கக் கூடாதுன்னு உனக்கு இவ்வளவு பயம்? பரீட்சையா? குஸ்தியா?

வாமன்: …சிப்ளூண்.

ஷைலஜா: சத்தமா சொல்லு.

வாமன்: சிப்ளூண்! சிப்ளூண் பஸ்ஸு! நீங்க பெட்டியோட அதுல ஏறி உக்காந்து போறது. போதுமா? நாப்பது நாளா, விடிஞ்சதும் வந்து கதவைச் சாத்திக்கிட்டு தலையில மட்டும் பூசினேன். காது தெரியாத அளவுக்குப் பூசினேன். நெல்லு மாட்டினா கல்யாணம் நிக்கும். ஒரு வருஷமாவது நிக்கும்.

ஷைலஜா: நாலு தலைமுறைப் பூசாரி…

வாமன்: தெரியும்.

ஷைலஜா: நீ இந்த வாக்கை நிஜமாவே நம்பறவனாச்சே. என்னை மாதிரி இல்லையே. தலை கல்லைத் தொட்டா உலகம் போயிடும்னு உனக்கு பயமா இல்லையா?

வாமன்: இருந்துச்சு. ராமா ராமான்னு சொல்லிக்கிட்டேதான் பூசினேன். ஆனா ரெண்டு பயத்துல இதுதான் சின்னது.

ஷைலஜா: இரு. கண்ணுல ஏதோ… செந்தூரம்.

வாமன்: எங்க வீட்டுக்காரி கமல் போய்ப் பன்னெண்டு வருஷம் ஆச்சு. நல்ல மனுஷி. அவளுக்கு அப்புறம் என்னை உக்கார வச்சுத் திட்டறதுக்கு இந்த ஊர்ல நீங்க ஒருத்திதான். சாயங்காலம் உங்க ஜன்னலைத் தாண்டி வரேன், வெளக்கு எரியுது. 'என்ன வாமன்ராவ், உலகம் இன்னும் இருக்கா?'ன்னு ஒரு குரல் வருது. எனக்கு அது போதும். அந்த ஜன்னல் சாத்தியிருந்தா… உலகம் இருந்தா என்ன, போனா என்ன?

ஷைலஜா: இதைச் சொல்றதுக்கு உனக்கு மாருதி தலை வேண்டியிருந்துச்சு.

வாமன்: எனக்குச் சொல்ல வராது. உங்களுக்குத் தெரியும்.

ஷைலஜா: நல்லாத் தெரியும். ஸ்கைலாப் விழறதா சொன்ன அன்னைக்கு எங்க வீட்டு வாசல்ல வந்து நின்னியே, குடையோட. எனக்கு இருபத்தொரு வயசு. என்ன வாமன்னு கேட்டேன். 'குடை குடுத்துட்டுப் போலாம்னு வந்தேன்'னே. எங்க வீட்ல நாலு குடை இருந்துச்சு.

வாமன்: இரும்பு விழுமேன்னு…

ஷைலஜா: இரும்புக்குக் குடை! போன டிசம்பர்ல, எங்கயோ கடலுக்கு அந்தப் பக்கம் யாரோ ஆதிகாலத்துல போட்ட காலண்டர் முடியுதுன்னு டிவிக்காரன் கத்தினான். அன்னைக்கும் வந்தே. ஒரு சீப்பு வாழைப்பழம். ரெண்டு மணி நேரம் கூரை ஓட்டைப் பத்திப் பேசினே. மூணு தடவை டீ போட்டேன். எழுந்து போயிட்டே.

வாமன்: நாலாவது டீயில சொல்லிடலாம்னு இருந்தேன். நீங்க பால் தீந்துபோச்சுன்னுட்டீங்க.

ஷைலஜா: அட கடவுளே!

வாமன்: கடவுளைக் கூப்பிட்டீங்க.

ஷைலஜா: வாய் தவறிப்போச்சு. உனக்கு ஒண்ணு சொல்றேன், கேட்டுக்கோ. இந்த ஜோசியத்தை எல்லாம் ஊர்ல என்னை விட அதிகமாக் கிண்டல் பண்ணினவ கிடையாது. ஆனா எவனாவது உலகம் முடியப்போகுதுன்னு சொன்னா, அன்னைக்கு மட்டும் நான் வாசல் தெளிச்சு, நல்ல புடவை கட்டி உக்காந்திருப்பேன். ஏன்னா அன்னைக்கு வாமன் வருவான்.

வாமன்: …எனக்கு இறங்கணும் போல இருக்கு.

ஷைலஜா: இறங்காதே. வேலை இருக்கு. மேகா நகத்தைக் கடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கா.

வாமன்: ஆமா… அந்தப் பொண்ணு! தேங்காய் உடைச்ச கை இது, அதை யோசிக்கவே இல்லையே நான். ஏழு வீட்டுப் பாவம். என்ன பண்றது பாயி இப்ப?

ஷைலஜா: சுரண்டி எடு.

வாமன்: மாருதி மேல நகம் படக் கூடாது! அவரா கழட்டினாத்தான். அது மகா பாவம்.

ஷைலஜா: மாருதியோடதை மாருதி கழட்டட்டும். யாரு கேட்டா? இந்த நாப்பது நாள் பூச்சு மாருதியோடது இல்ல, உன்னோடது. உன்னோடதை நீ எடு.

வாமன்: …அப்படி வருதா கணக்கு?

ஷைலஜா: ஆறாம் கிளாஸ் கழித்தல் கணக்கு. எடு.

வாமன்: மன்னிச்சுக்கோப்பா, பஜ்ரங் பலி. நீ லங்கையைக் கொளுத்தினவன். நான் ஒரு பஸ்ஸை நிறுத்தப் பாத்தேன். பெருசு பண்ணாதே… வருது பாயி. ஈரமாத்தான் இருக்கு. அப்படியே அள்ள வருது.

ஷைலஜா: அள்ளு. இலையில போடு.

வாமன்: ஐயோ, உங்க புடவை!

ஷைலஜா: புடவை கிடக்கட்டும். காது தெரியுதா?

வாமன்: தெரியுது. இதோ பழைய பூச்சு… கல்லு மாதிரி இருக்கு, நீங்க சொன்ன மாதிரியே. இதுக்குமேல விரல் வைக்கமாட்டேன்.

ஷைலஜா: வேணாம். இந்தா நெல்லு. விடு.

வாமன்: பிடிச்சுக்கோங்க… தள்ளறேன்.

ஷைலஜா: போகுதா?

வாமன்: பேசாதீங்க… நடுவுல இருக்கு… இருங்க… விழுந்துச்சு! பாயி, விழுந்துச்சு! அந்தப் பக்கம் விழுந்துச்சு! சத்தம் கேட்டுச்சா?

ஷைலஜா: ஒரு நெல்லுக்கு என்ன சத்தம்?

வாமன்: எனக்குக் கேட்டுச்சு! ஜெய் பஜ்ரங் பலி! இன்னும் ஒரு வருஷம்! தாரா வைனி, மேகா, எல்லாருக்கும் இன்னும் ஒரு வருஷம்!

ஷைலஜா: மெதுவா! ஸ்டூல்ல யாராவது குதிப்பாங்களா? அறுபது வயசு ஆகப்போகுது.

வாமன்: அம்பத்தொன்பது.

ஷைலஜா: அழறியா?

வாமன்: செந்தூரம்… கண்ணுல.

ஷைலஜா: என் செந்தூரமா, உன் செந்தூரமா?

வாமன்: சிரிங்க, சிரிங்க. நல்லா சிரிங்க. நாளைக்கு ஊர் முன்னாடியும் இது விழும். உங்க கல்யாணத்துக்கும் தடை இல்ல. நான் மனசாரச் சொல்றேன், பாயி… பந்தலுக்கு மாவிலை நானே கட்டறேன். கேல்கர் நல்லவராத்தான் இருப்பாரு. மீசை வச்சவங்க எல்லாருமா சத்தம் போட்டுக் குடிக்கிறாங்க? நான் பொறாமையில சொன்னது. அந்தப் பல்லு விஷயமும் விட்டுடுங்க. எப்பவாவது பஸ் பிடிச்சு இந்தப் பக்கம் வந்தா, எங்க வீட்டு ஜன்னலண்ட நின்னு ஒரு வார்த்தை திட்டிட்டுப் போங்க.

ஷைலஜா: கேல்கர் எதுக்கு வரணும் கல்யாணத்துக்கு?

வாமன்: என்ன பாயி, மாப்பிள்ளை இல்லாம…

ஷைலஜா: அட்சய திருதியைக்குக் கல்யாணம்னு ஊரெல்லாம் சொன்னேன். யாரோடன்னு யார்கிட்டயாவது சொன்னேனா?

வாமன்: எல்லாரும் கேல்கர்னு…

ஷைலஜா: எல்லாரும் சொன்னாங்க. நான் சொல்லல.

வாமன்: அப்ப… மாப்பிள்ளை… இருங்க, இறங்கறேன். கை பூரா செந்தூரம். கிணத்தடியில கழுவிட்டு ஒரே ஓட்டமா வந்து…

ஷைலஜா: வேணாம். கழுவப் போனா நீ திரும்பி வரமாட்டே, முப்பத்தி நாலு வருஷமாப் பாக்கறேன். கேல்கருக்கு சங்கராந்தி அன்னைக்கே எள்ளுருண்டையைக் கையில குடுத்து, முடியாதுன்னு சொல்லி அனுப்பிட்டேன். அந்த பயத்துலயாவது நீ வாயைத் திறப்பேன்னு தேதியை மட்டும் ஊருக்குச் சொன்னேன். நீ என்னடான்னா மாருதிக்கு மெழுகிக்கிட்டு இருந்திருக்கே. தேதி இருக்கு, புடவை இருக்கு, அம்பது பேருக்குச் சாப்பாடு சொல்லியாச்சு. மாப்பிள்ளைதான் இன்னும் கேக்கல. கழுவாதே. அந்தக் கையோடயே கேளு.